எழுத்துக்கூட்டலும் சரள வாசிப்பும்: ‘வெருகல்’ என்னும் சொல்லை முன்வைத்துச் சில கருத்துக்கள்

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலி கங்கையின் கிளையொன்று கடலிற் கலக்குமிடத்தை அண்டி வெருகற் பிரதேசம் அமைந்துள்ளது. சித்திர வேலாயுத சுவாமி கோயிலால் ஈழத்துத் தமிழர் நன்கறிந்த ஊர் இது. வயலையும் கடலையும் ஆற்றையும் காட்டையும் நம்பி வாழும் இப்பிரதேசத்து மக்களுள், தமிழையே பேச்சுமொழியாகக் கொண்ட கரையோர வேடர் சமூகத்தினரும் அடங்குவர். 2004ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. 2006ஆம் ஆண்டு யூலையில் மாவிலாற்று அணைக்கதவுகள் மூடப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட போரில், ஈச்சிலம்பற்று, மூதூர் கிழக்கு மக்கள் கதிரவெளி, வாகரை வழியாக மட்டக்களப்பு முகாம்கள் வரை இடம்பெயர நேர்ந்தது. 2007ஆம் ஆண்டு முதலே அவர்கள் படிப்படியாக ஊர் திரும்பினர். அவ்வாண்டுகளில் முதலாம் வகுப்பில் அமர்ந்திருக்கவேண்டிய பிள்ளைகள், இன்று தம் பிள்ளைகளை முதலாம் வகுப்பிற்கு அனுப்பும் பருவத்தை அடைந்துள்ளனர்.

இத்தகையதொரு பிரதேசத்தில் வாசிப்புக் கற்பித்தல் என்பது வெறும் வகுப்பறை நுட்பம் சார்ந்த பிரச்சினையன்று. பெற்றோரின் கல்வி குலைந்துபோன வீட்டிலே, பாடசாலை விட்ட இடத்தை நிரப்புவதற்கு ஆளில்லை. நகர்ப்புறத்து மத்தியதர வர்க்கப் பிள்ளைக்குப் பாடசாலையிற் பிழையான முறையிற் கற்பித்தாலும், தாயோ தனியார் வகுப்போ அப்பிழையைச் சரிசெய்துவிடும். வெருகற் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு அரிது. எனவே, கற்பித்தல் முறையில் உள்ள குறை, வசதி குறைந்த பிள்ளையின் தலையிலேயே முழுதாக விழுகிறது. அதன் பின்னர் அப்பிள்ளைக்கு ‘மெல்லக் கற்போர்’ என்ற பெயரும் சூட்டப்படுகிறது. இக்கட்டுரையில், தமிழ் வாசிப்பின் அடிப்படைக் கருத்துக்கள் சிலவற்றை ‘வெருகல்’ என்ற ஒரு சொல்லின் துணைகொண்டு விளக்க முற்படுகிறோம். பிள்ளையிடம் உள்ளதாகக் கருதப்படும் குறைகளுட் பல, உண்மையில் நாம் கற்பிக்கும் ஒழுங்கில் உள்ள குறைகளே என்பது எமது துணிபு.

வாசிப்பா, ஒப்புவித்தலா?

ஆரம்ப வகுப்பு ஆசிரியர் அனைவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. பிள்ளை புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை தடையின்றிச் சொல்லும். ஆசிரியர் நடுவிலுள்ள ஒரு சொல்லில் விரலை வைத்து ‘இது என்ன?’ என்று கேட்டால், பிள்ளை திகைக்கும். அல்லது மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கி, வாயாற் சொல்லிக்கொண்டே அச்சொல்லை வந்தடையும். இப்பிள்ளை வாசிக்கவில்லை, செவிவழி பெற்றதை ஒப்புவிக்கிறது. அதன் நினைவாற்றல் வியக்கத்தக்கது. ஆயின், அது முன்னர் கண்டிராத ஒரு சொல்லை அதன் முன் வைத்தால், அந்நினைவாற்றல் உதவாது.

வாசிப்பு என்பது யாது? 1986ஆம் ஆண்டு பிலிப் கோவ், வில்லியம் ரன்மர் என்போர் முன்வைத்த எளிய விளக்கம் இங்கு பயன்படும். அவர்களின் கருத்துப்படி, வாசித்து விளங்குதல் என்பது இரண்டு ஆற்றல்களின் பெருக்கம் ஆகும். ஒன்று, எழுத்தை ஒலியாக மாற்றும் ஆற்றல். மற்றையது, அவ்வொலியைக் கேட்டால் விளங்கிக்கொள்ளும் ஆற்றல். இது கூட்டலன்று, பெருக்கல் என்பது மனங்கொளத்தக்கது. இரண்டில் ஒன்று பூச்சியமாயின் விளைவும் பூச்சியமே. ஐந்து வயதில் வெருகற் பிள்ளை, ஆற்றைப் பற்றியும் தோணியைப் பற்றியும் பெரியவர் பேசும் எதனையும் விளங்கிக்கொள்ளும். இரண்டாவது ஆற்றல் அதனிடம் ஏலவே நிறைந்திருக்கிறது. முதலாவதை, அதாவது எழுத்துக்கூட்டலைக் கொடுப்பது பாடசாலையின் பொறுப்பாகும்.

ஒலியுணர்வு

எழுத்தை அறியுமுன் ஒலியை அறிதல் வேண்டும். பேசும்போது நாம் பொருளைக் கேட்கிறோமேயன்றி ஒலிகளைத் தனித்தனியே கேட்பதில்லை. ‘வெருகல்’ என்று சொல்லும் பிள்ளைக்கு அது தன் ஊர். அது பல ஒலிகளின் கோவை என்ற எண்ணம் தோன்றுவதில்லை. அச்சொல்லைக் கைதட்டிப் பிரித்துச் சொல்வதும், ‘வெ’ என்று தொடங்கும் வேறு சொற்களைத் தேடுவதும் (வெயில், வெள்ளம், வெற்றிலை), ‘கல்’ என்று முடியும் சொற்களைத் தேடுவதும் (பகல், செங்கல்) ஒலியுணர்வை வளர்க்கும் பயிற்சிகளாகும். இவற்றிற்குப் புத்தகமோ பலகையோ தேவையில்லை. முகாமிலும் மரநிழலிலும் நடத்தலாம்.

ஆங்கிலம் கற்பிப்போர் ஒலியுணர்வைப் பேசும்போது, சொல்லை மிகச் சிறிய ஒலியன்களாக உடைப்பதையே வற்புறுத்துவர். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, ஒலியனுணர்வு, எழுத்தொலித் தொடர்பு, சரளம், சொல்வளம், கருத்துணர்தல் என ஐந்து கூறுகளை வகுத்தது. இவ்வைந்தும் எம்மொழிக்கும் வேண்டற்பாலனவே. ஆயின், அவற்றுள் முதலிரண்டையும் தமிழுக்கு அவ்வாறே பெயர்த்து நடுதல் பொருந்தாது. தமிழ் எழுத்தின் அலகு ஒலியனன்று. மெய்யும் உயிரும் கூடிய உயிர்மெய்யே அதன் அலகு. ‘க’ என்னும் ஒலித்துண்டு பிள்ளையின் செவிக்கு இயல்பாகவே எட்டும். அதனுள் ‘க்’ என்ற மெய்யும் ‘அ’ என்ற உயிரும் உண்டு என்பது பின்னர் தெளியவேண்டிய உண்மை. கன்னட எழுத்தைக் கற்கும் பிள்ளைகள் பற்றிச் சோனாலி நாக் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்துமுறையில் எழுத்தறிவு நிறைவதற்குப் பல ஆண்டுகள் செல்வதையும், ஒலியனுணர்வு மெதுவாகவே தோன்றுவதையும் எடுத்துக்காட்டிற்று. முதலாம் வகுப்பின் முடிவில் எல்லா எழுத்தும் தெரிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்த்து, தெரியாத பிள்ளையைத் தள்ளிவைப்பது எத்துணைத் தவறு என்பதை இதிலிருந்து உணரலாம்.

நான்கு எழுத்து, நான்கு பாடம்

‘வெருகல்’ என்ற சொல்லில் நான்கு எழுத்துக்கள் உள. தமிழெழுத்தின் நான்கு முக்கிய இயல்புகளை இந்நான்கும் ஒவ்வொன்றாகக் காட்டுவது ஒரு நற்பேறே.

முதலெழுத்து ‘வெ’. இதில் ‘எ’ என்னும் உயிரைக் குறிக்கும் கொம்பு, வகரத்திற்கு முன்னே நிற்கிறது. ஆனால் ஒலிக்கும்போது வகரமே முந்தி வருகிறது. கண் காணும் ஒழுங்கும் நா ஒலிக்கும் ஒழுங்கும் இங்கு மாறுபடுகின்றன. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில் உயிர்க்குறி இருபுறமும் நின்று மெய்யை அணைத்துக்கொள்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியையும் ஒலித்துச் செல்லப் பழகிய பிள்ளை இவ்விடத்தில் இடறுவது இயல்பே. அது பிள்ளையின் மந்தத்திற்குச் சான்றன்று. எழுத்தின் அமைப்பில் உள்ள மேடு. இதைத் தனியாக எடுத்துக் கற்பித்தல் வேண்டும்.

இரண்டாம் எழுத்து ‘ரு’. அரவும் விசிறியும் கொம்பும் மெய்யினின்று பிரித்துக் காணத்தக்கவை. உகர ஊகாரக் குறிகளோ மெய்யோடு உருகி ஒன்றாகிவிடுகின்றன. கு, சு, டு, பு, ரு என்பவற்றை ஒப்பிட்டால், ஒரே குறியை எல்லாவற்றிலும் காண இயலாது. பதினெட்டு மெய்யோடும் இவ்விரு உயிரும் கூடிப் பிறக்கும் 36 வடிவங்களை ஓரளவு தனித்தனியாகவே பழகவேண்டியுள்ளது. எனவே, இவற்றைத் தொடக்கத்திலேயே திணிக்காது பிற்படுத்துதல் நன்று.

மூன்றாம் எழுத்து ‘க’. ‘கடல்’ என்பதில் இது வல்லோசையாக ஒலிக்கிறது. ‘சங்கு’ என்பதில் மெல்லினத்தை அடுத்து வேறாக ஒலிக்கிறது. ‘வெருகல்’ என்பதில் இரு உயிர்களுக்கிடையே நெகிழ்ந்து ஒலிக்கிறது. ஓரெழுத்துக்குப் பல ஒலிகள் உண்மையினால் தமிழ் வாசிப்புக் கடினமானது எனக் கூறுவோர் உளர். ஆனால், இவ்வேறுபாடு எழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒழுங்காக அமைவது. தமிழ் பேசும் பிள்ளையின் நா இவ்வொழுங்கைத் தானே அறியும். விதியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சொல்லை இனங்கண்ட கணத்திலேயே சரியான ஒலி தானாக வந்துசேரும். ‘பஸ்’ போன்ற பிறமொழிச் சொற்களே இவ்வொழுங்கிற்கு அடங்காதவை. அவற்றையும் பிள்ளை பேச்சுவழக்கிலிருந்தே திருத்திக்கொள்ளும்.

நான்காம் எழுத்து ‘ல்’. புள்ளி உயிரை நீக்குகிறது. பழைய கல்வெட்டுக்களிலும் ஏடுகளிலும் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் நின்றன. வாசிப்போர் தம் மொழியறிவால் அக்குறையை நிரப்பினர். நெடிலுக்கு இரட்டைக் கொம்பு வழங்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரின் சீர்திருத்தத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ணா, றா, னா, லை, ளை முதலிய எழுத்துக்களை ஏனையவற்றோடு ஒத்த வடிவிற்குக் கொணர்ந்தது. எழுத்து இறைவன் தந்த மாறாப் பொருளன்று. வாசிப்போரின் வசதிக்காக மனிதர் மாற்றிவந்த கருவி என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. எழுத்தையே மாற்ற முடிந்த நாம், அதைக் கற்பிக்கும் முறையை மாற்றத் தயங்குவதற்குக் காரணமில்லை.

பெயரும் ஒலியும் ஒழுங்கும்

எம் மரபில் எழுத்துக்குப் பெயருண்டு. அகரத்தை ‘ஆனா’ என்றும் ஆகாரத்தை ‘ஆவன்னா’ என்றும் ககரத்தைக் ‘கானா’ என்றும் சொல்லிப் பழகினோம். மெய்யை ‘இக்’, ‘இங்’ என முன்னே இகரம் சேர்த்து ஒலிக்கிறோம். இப்பெயர்கள் எழுத்தைச் சுட்டப் பயன்படும். கூட்டி வாசிக்கப் பயன்படா. ‘கானா, டானா, இல்’ என்று அடுக்கினால் ‘கடல்’ பிறப்பதில்லை. ‘இக்’கும் ‘அ’வும் சேர்ந்தால் ‘க’ என்பது இலக்கணம் கற்றோர்க்கு விளங்கும். ஐந்து வயதுப் பிள்ளையின் செவிக்கு அது ‘இக்அ’ என்றே கேட்கும். எனவே, தொடக்கத்தில் எழுத்தின் ஒலியையே கற்பித்து, பெயரைப் பின்னர் தருவது பொருத்தமாகும்.

247 எழுத்து என்ற பெருந்தொகையைக் கண்டு ஆசிரியரும் பெற்றோரும் மலைக்கின்றனர். உண்மையில் பிள்ளை மனங்கொள்ள வேண்டியவை 12 உயிர், 18 மெய், 11 உயிர்க்குறி, ஒரு புள்ளி, ஓர் ஆய்தம் என்பனவே. உகர ஊகார வடிவங்களின் தொல்லை ஒருபுறமிருக்க, ஏனையவை இவற்றின் சேர்க்கையால் விளைவன. க, கா, கி, கீ என்று நெடுங்கணக்கைப் பாட்டாக மனனஞ் செய்த பிள்ளைக்கு இச்சேர்க்கையின் உட்பொருள் புலப்படுவதில்லை. அதே ‘அரவு’ கா, மா, பா, வா அனைத்திலும் ஒரே வேலையைச் செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கோ, கற்பியாத எழுத்தும் தானே கைவரும்.

எந்த எழுத்திலிருந்து தொடங்குவது? அகரவரிசை அகராதிக்கு உரியது. வாசிப்பின் தொடக்கத்திற்கு உரியதன்று. உயிரெழுத்துக்கள் பன்னிரண்டையும் கற்று முடித்த பிள்ளையால், அவற்றைக் கொண்டு வாசிக்கத்தக்க சொல் மிகச் சிலவே. மாறாக, க, ட, ம, ண, ல, வ, ய, ப, ர என்னும் ஒன்பது எழுத்தையும் புள்ளியையும் எடுத்துக்கொள்வோம். கடல், மணல், வயல், கல், மரம், பகல், படம், வடம், வரம், மடல் என்று சொற்கள் பெருகும். வெருகற் பிள்ளையின் உலகில் பாதி, ஓர் உயிர்க்குறியும் இன்றி இவ்வொன்பது எழுத்துள் அடங்கிவிடுகிறது. அடுத்து அரவைச் சேர்த்தால் கால், பால், பாலம், பாடம், மாடம் என்பன வரும். ஒவ்வொரு புதிய குறியும் ஒரு சொற்கூட்டத்தைத் திறந்துவிடுதல் வேண்டும். ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பின்னர் பாலபாடங்களை அச்சிட்டபோது, எளிமையினின்று அருமைக்குச் செல்லும் படிமுறையை ஏட்டுக் கல்விக்குப் பழகிய ஒரு சமூகத்திற்கு அறிமுகஞ் செய்தார். அப்படிமுறையை எழுத்துக்களின் ஒழுங்கிற்கும் விரித்தல் எமது கடன்.

இவ்விடத்தில், பிறேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிறேரியின் அனுபவம் நினைவுகூரத்தக்கது. 1963ஆம் ஆண்டு அங்கிக்கோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு நாற்பது மணித்தியாலத்தில் எழுத்தறிவிக்கும் முயற்சியை அவர் நடத்தினார். தொழிலாளர் நாள்தோறும் கையாளும் செங்கல்லைக் குறிக்கும் ‘திஜோலோ’ என்ற சொல்லை எடுத்து, அதனை மூன்று அசையாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் உயிர் மாறிய குடும்பத்தை அமைத்து, அவற்றைக் கலந்து புதிய சொற்களை ஆக்குமாறு கற்போரைத் தூண்டுவது அவர் முறை. வாழ்க்கையிலிருந்து சொல்லை எடுப்பதும், சொல்லிலிருந்து எழுத்தமைப்பைக் கண்டறிவதும் அவரிடம் ஒன்றுக்கொன்று பகையன்று. எம்மிடையே சிலர் முழுச்சொல் முறை முற்போக்கானது என்றும் எழுத்துக்கூட்டல் பழைமையானது என்றும் கருதுவர். பிறேரி அவ்வாறு கருதவில்லை. எழுத்தமைப்பின் இரகசியத்தை உழைக்கும் மக்களின் கையில் ஒப்படைப்பதே அவர்க்கு விடுதலையின் முதற்படியாக இருந்தது.

வீட்டுமொழியும் நூன்மொழியும்

பிள்ளை வீட்டிற் பேசுவது ‘போறன்’. நூலிற் காண்பது ‘போகிறேன்’. நூலிலுள்ளதைப் ‘போறன்’ என்று வாசிக்கும் பிள்ளையைப் பிழைவிட்டதாகத் தண்டித்தல் தகாது. அப்பிள்ளை சொல்லைக் கண்டு பொருளையும் உணர்ந்துள்ளது. நூல்வடிவை நாடவேண்டியது மட்டுமே எஞ்சியுள்ளது. பொருளுணராது எழுத்தெழுத்தாகச் சரியாக ஒலிக்கும் பிள்ளையினும் அது முன்னேறி நிற்கிறது. கிழக்கிலங்கைப் பேச்சைக் கொச்சை என்று இகழும் வகுப்பறையில், குறிப்பாக வேடர் சமூகத்துப் பிள்ளை, வாய்திறக்கவே அஞ்சும். வாய்திறவாத பிள்ளைக்கு வாசிப்புக் கற்பித்தல் இயலாது.

வாசிப்பையும் எழுத்துப் பிழையையும் வேறுபடுத்தி நோக்குதலும் அவசியம். எம்மவர் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரிதும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘வாழை’ என்பதையும் ‘வாளை’ என்பதையும் பிள்ளை ஒரேபோல் வாசிக்கும். ஒன்று தோட்டத்தில் நிற்பது, மற்றையது வலையில் வருவது என்பதை வசனம் உணர்த்திவிடும். வாசிப்பவர்க்கு இதனால் இடரில்லை. சொல்வதெழுதும்போதே எந்த எழுத்து என்ற ஐயம் எழும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஆற்றல் வந்த பிள்ளைக்குச் சொல்வதெழுதலிற் குறைந்த புள்ளி கிடைத்தமையால் ‘வாசிக்கத் தெரியாது’ என்று முடிவுசெய்வது இரு வேறு திறன்களைக் குழப்புவதாகும்.

சரளம் என்பது வேகமன்று

எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளை அனைத்தும் வாசகர் ஆகிவிடுவதில்லை. 1974ஆம் ஆண்டு லாபேர்ஜ், சாமுவேல்ஸ் ஆகியோர் முன்வைத்த கோட்பாடு இதற்கான காரணத்தை விளக்கும். மனிதனின் கவனத்திற்கு ஓர் எல்லையுண்டு. எழுத்துக்கூட்டுவதிலேயே கவனம் முழுதும் செலவாகுமாயின், பொருளை உணர்தற்கு எதுவும் எஞ்சாது. வசனத்தின் கடைசிச் சொல்லை அடையும்போது முதற்சொல் மறந்துபோகும். எழுத்துக்கூட்டல் தானியங்கும் நிலையை அடைந்தபின்னரே மனம் பொருளில் நிலைக்கும். அந்நிலையே சரளம்.

சரளத்திற்கு மூன்று கூறுகள் உண்டு: பிழையின்மை, தடையின்மை, பொருளுக்கேற்ற ஓசை. மூன்றாவது கூறே பெரிதும் புறக்கணிக்கப்படுவது. ‘ஆற்றில் வெள்ளம் பெருகியதால் தோணி இன்று அக்கரைக்குப் போகவில்லை’ என்ற வசனத்தைப் ‘பெருகியதால்’ என்ற இடத்தில் நிறுத்தி, பின்னர் தொடரும் பிள்ளை காரணத்தையும் காரியத்தையும் பிரித்துணர்ந்துள்ளது. சொல்லுக்குச் சொல் நிறுத்தியோ, மூச்சுமுட்ட ஒரே இழுப்பில் ஓட்டியோ வாசிக்கும் பிள்ளை அதனை உணரவில்லை. நிமிடத்திற்கு இத்தனை சொல் என்ற பிறநாட்டு அளவுகோலைத் தமிழுக்குப் பொருத்துவதும் ஏற்புடைத்தன்று. ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்பது எண்ணிக்கையில் ஒரு சொல். அதில் பன்னிரண்டு எழுத்துக்கள் உள. இத்தகைய நெடுஞ்சொல்லைப் ‘போய்க் – கொண்டு – இருந்தார்கள்’ என உட்பிரித்துக் காணும் பயிற்சி, தமிழில் சரளத்திற்கு இன்றியமையாதது.

சரளம் எவ்வாறு கைகூடும்? ஒரே சிறு பகுதியைப் பொருளுணர்ந்து பலமுறை வாசித்தல் பயன்தரும் என்பதைச் சாமுவேல்ஸ் 1979ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். ஆசிரியர் முதலில் உரிய ஓசையோடு வாசித்துக் காட்டுவதும், இரு பிள்ளைகள் மாறிமாறி ஒருவர்க்கொருவர் வாசிப்பதும் செலவற்ற வழிகள். வகுப்பு முழுவதும் ஒருமித்துக் கத்தி வாசிக்கும் முறையோ எச்சரிக்கையோடு கையாளத்தக்கது. தெரியாத பிள்ளை தெரிந்த பிள்ளையின் குரலுக்குள் ஒளிந்துகொள்ள அது இடமளிக்கும்.

பிள்ளையின் நிலையை அறிய மூன்று வினாக்கள் போதும். வரிசை மாற்றிக் காட்டிய எழுத்தை அது ஒலிக்கிறதா? தெரிந்த எழுத்துக்களால் ஆன, முன்னர் கேட்டிராத சொல்லை, ‘பணல்’ போன்ற பொருளற்ற கோவையையும், கூட்டி வாசிக்கிறதா? வாசித்த பகுதியைத் தன் வீட்டுமொழியிற் சொல்கிறதா? முதலாவதில் இடறினால் எழுத்தொலியையும், இரண்டாவதில் இடறினால் கூட்டலையும், மூன்றாவதில் இடறினால் சரளத்தையும் கவனித்தல் வேண்டும். ‘வாசிக்கத் தெரியாது’ என்ற ஒரே தீர்ப்பின் கீழ் இம்மூன்றையும் அடக்குவது நோயறியாது மருந்திடுவதை ஒக்கும்.

முடிவுரை

1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி இந்நாட்டின் ஏழை மக்களுக்குப் பாடசாலையின் வாயிலைத் திறந்தது. வாயிலுக்குள் நுழைந்த பிள்ளை வாசிக்கக் கற்காது வெளியேறுமாயின், அவ்வுரிமை பெயரளவிலேயே நிற்கும். போர் ஒரு தலைமுறையின் வகுப்பறையைக் கலைத்தது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் நெடுங்காலம் மூடப்பட்டமை அடுத்த தலைமுறையையும் தாக்கிற்று. இவ்விழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு முதல் மூன்று வகுப்புக்களின் ஆசிரியர்மேல் விழுந்துள்ளது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிலுக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்வதையே பெருமையாகக் கொள்ளும் எமது கல்விச் சூழல், முதலாம் வகுப்பில் எழுத்துக்கூட்டக் கற்பிக்கும் ஆசிரியரைத் தக்கவாறு மதிப்பதில்லை. பல்கலைக்கழகத் தமிழாய்வும் எழுத்ததிகாரத்தின் நுட்பங்களை ஆராய்ந்த அளவிற்கு, அவ்வெழுத்தை ஒரு பிள்ளை எவ்வாறு கற்கிறது என்பதை ஆராயவில்லை. தொல்காப்பியர் ஒலிகளின் பிறப்பை நாவும் உதடும் அண்ணமும் கொண்டு விளக்கினார். அவ்வறிவை ஆரம்ப வகுப்பறைக்குக் கொண்டுசெல்லுதல் எம்மனோர்க்கு உரிய பணியாகும்.

கடல், மணல், வயல் என்று தொடங்கிய பிள்ளை, அரவையும் விசிறியையும் கடந்து, உகரத்தின் வடிவங்களைப் பழகி, கொம்பின் இடமாற்றத்தையும் அறிந்துகொள்ளும் நாளில், வீதியோரப் பெயர்ப்பலகையின் முன் நின்று ‘வெ-ரு-க-ல்’ என்று கூட்டி, பின்னர் ‘வெருகல்’ என்று ஒரே மூச்சிற் சொல்லும். அச்சொல்லை யாரும் அதற்கு மனனஞ் செய்விக்கவில்லை. அங்ஙனம் வாசித்த பிள்ளை அடுத்த பலகையையும், அதற்கடுத்துத் தன் பெற்றோரின் காணிப் பத்திரத்தையும், ஒருநாள் நாட்டின் சட்டத்தையும் வாசிக்கும்.